41 வயசுல இடுப்பு மூட்டு மாத்துறதா, தள்ளிப் போடுறதா?

சகோதரி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். வீட்டுக்காரருக்கு 41 வயசு, வெல்டிங் பட்டறை வச்சிருக்கார், கோவிட் நேரத்துல ஸ்டீராய்டு குடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு தொடை இடுக்குல வலி ஆரம்பிச்சு இப்ப ரெண்டு பக்கமும் ஏவிஎன் (ரத்த ஓட்டம் இல்லாம தொடை எலும்போட மேல்முனை செத்துப்போறது), இடது பக்கம் நாலாவது ஸ்டேஜ், வலது பக்கம் ரெண்டாவது ஸ்டேஜ். ஒரு டாக்டர் இடது பக்கம் மூட்ட மாத்திடலாம்ங்கறார். உங்க மாமனார் 15 வருஷந்தான் தாங்கும், 50 தாண்டட்டும்ங்கறார். இன்னொரு ஆஸ்பத்திரில செராமிக் போட்டா 30 வருஷம் கேரண்டின்னு சொல்லிருக்காங்க. இதுக்கு நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர் உலோகம் ரத்தத்துல கலந்து விஷமாகுதுன்னு பழைய பேப்பர் செய்திய வாட்ஸ்அப்ல அனுப்பிட்டார். நீங்க கேட்டது எத்தனை வருஷம் தாங்கும்னு, ஆனா படிச்சப்ப எனக்குப் புரிஞ்சது என்னன்னா, இப்ப சரின்னு தலையாட்டிட்டு பின்னாடி உக்காந்து வருத்தப்படுவோமோங்கற பயந்தான். அதுக்கே பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நான் பிசியோதெரபிஸ்ட், சர்ஜன் கிடையாது, கத்தி புடிச்சதில்ல. 21 வருஷமா ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வர்றவங்கள மறுநாள் காலைல கட்டில விட்டு எழுப்பி நிக்க வைக்கறதும், அப்புறம் ஆறு மாசம் ஒரு வருஷம்னு அவங்க நடைய சரி பண்றதும்தான் வேலை. அதனால எந்த பேஷண்ட் எப்படி தேறினாங்க, எங்க சிக்கினாங்கன்னு நெறைய பாத்திருக்கேன். உங்க வீட்டுக்காரரோட எக்ஸ்ரேவ நான் பாக்கல, அவர தொட்டு பாக்கல, அதனால பண்ணுங்க பண்ணாதீங்கன்னு தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்ல. தெரிஞ்சத சொல்றேன், முடிவ டாக்டர்கிட்ட உக்காந்து எடுங்க.

உறுதியா சொல்லக்கூடியது ஒன்னு இருக்கு, வலி போகும். எலும்பு மேல எலும்பு உரசற அந்த வலி, ராத்திரி புரண்டு படுத்தா சுருக்குனு எழுப்புற வலி, பெரும்பாலானவங்களுக்கு மறுநாளே போயிடுது. தையல் வலி இருக்கும், அது வேற மாதிரி, அந்த வித்தியாசத்த பேஷண்டே சொல்லுவாங்க. ஒரு அம்மா முதல் நாள் வாக்கர புடிச்சு எந்திரிச்சு நின்னுட்டு, "என்ன சார், பழைய வலிய காணோம்"னு ஏதோ தொலைஞ்ச மாதிரி தேடினாங்க. இங்கிலாந்துல 2009ல இருந்து ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் பேஷண்ட்கிட்டயே கேள்வித்தாள் குடுத்து மார்க் போட வைக்கறாங்க, ஆக்ஸ்ஃபோர்டு ஹிப் ஸ்கோர்னு பேரு, மொத்தம் 48 மார்க், வலி, நடை, படி ஏறறது, சாக்ஸ் போடறது இப்படி 12 கேள்வி. அதுல சராசரியா 20 மார்க்குக்கு மேல கூடுது, இது ரொம்ப பெரிய முன்னேற்றம். முழங்கால் மாத்தினவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் திருப்தி இல்லன்னு சொல்ற பழக்கம் உண்டு, இடுப்புல அந்த அளவு கிடையாது. 2007ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல இத நூற்றாண்டோட ஆபரேஷன்னே தலைப்பு வச்சு எழுதினாங்க, எனக்கும் அது மிகையா தோணல.

இன்னொரு உறுதியான விஷயம், இடது பக்கம் தொடை எலும்போட பந்து மாதிரி இருக்கற மேல்முனை ஏற்கனவே சப்பையா போயிடுச்சு, நாலாவது ஸ்டேஜ்னா அந்த பந்து உருள்ற இடுப்பெலும்பு கிண்ணமும் கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அது எண்ணெய் போட்டோ, கட்டு கட்டியோ, மாத்திரையிலயோ திரும்ப உருண்டையா ஆகாது. இதுக்குன்னு ஊர் ஊரா அலைஞ்சு காச விட்டவங்கள நான் பாத்திருக்கேன், யாரையும் குத்தம் சொல்லல, ஆபரேஷன்னாலே வயித்துல புளிய கரைக்கத்தான் செய்யும்.

இப்ப அந்த 15 வருஷ கணக்குக்கு வருவோம். மாமனார் சொல்றது வெறும் வதந்தி இல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. இன்னிக்கு நாம போடற மூட்டோட தாத்தா இங்கிலாந்துல ரைட்டிங்டன்ங்கற ஊர் ஆஸ்பத்திரில பிறந்தது, ஜான் சார்ன்லின்னு ஒரு சர்ஜன். முதல்ல அவர் கிண்ணத்துக்கு டெஃப்லான் போட்டார், ஆமா நம்ம தோசைக்கல்லுல ஒட்டாம இருக்க பூசறாங்களே அதே சாமான். 300 பேருக்கு கிட்ட போட்டாச்சு, ஆரம்பத்துல அருமையா இருந்துச்சு, ரெண்டு மூணு வருஷத்துல தேஞ்சு தூளாகி, அந்தத் தூள் சுத்தி இருக்கற சதையையும் எலும்பையும் கெடுத்து, ஒவ்வொருத்தரையா திரும்ப தொறந்து எடுக்க வேண்டியதா போச்சு. அந்தத் தூள் உடம்புல என்ன பண்ணுதுன்னு பாக்க மனுஷன் தன்னோட தொடையிலயே செலுத்தி பாத்தார். 1962ல துணி நெய்யற மிஷினுக்கு பிளாஸ்டிக் பல்சக்கரம் விக்கற ஒரு சேல்ஸ்மேன் ஒரு துண்டு பிளாஸ்டிக்க கொண்டு வந்து குடுத்தார், சார்ன்லிக்கு அதுல நம்பிக்கை வரல, ஆனா அவர்கிட்ட வேலை பாத்த ஹாரி கிரேவன்ங்கற டெக்னீசியன் சும்மா இல்லாம அத தேய்மான மிஷின்ல மாட்டி ராத்திரி பகலா ஓட விட்டுட்டார். மூணு வாரம் ஓடியும் டெஃப்லான் ஒரு நாள்ல தேயற அளவு கூட தேயல. அதுதான் பாலிஎத்திலீன். அந்த வருஷம் நவம்பர்ல இருந்து அத போட ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா பெரும்பாலான கிண்ணத்துக்குள்ள இருக்கறது அதோட வம்சந்தான். (நான் மெக்கானிக் குடும்பத்து ஆள், டெக்னீசியன் ஜெயிச்ச கதைன்னா எனக்கு தனி சந்தோஷம்.)

ஆனா அந்த பிளாஸ்டிக்கும் வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர் கணக்குல தேயும். தேஞ்ச தூள கண்ணால பாக்க முடியாது, உடம்பு அத வெளி ஆளுன்னு நெனச்சு சண்டை போடும், அந்தச் சண்டைல பக்கத்துல இருக்கற எலும்பு கரையும், எலும்பு கரைஞ்சா மூட்டு ஆடும், ஆடினா வலிக்கும், மறுபடி ஆபரேஷன். சுறுசுறுப்பா ஓடியாடற வயசுல போட்டவங்களுக்கு இது சீக்கிரமே வந்துச்சு. 15 வருஷம்ங்கற பேச்சு வந்தது இந்த தலைமுறை மூட்டுகள பாத்துதான். 2019ல லான்செட்ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு, ஆஸ்திரேலியா, பின்லாந்து நாட்டு மூட்டு பதிவேடுகள வச்சு. 15 வருஷத்துல 100க்கு 89 மூட்டு அப்படியே இருக்கு, 20 வருஷத்துல 70, 25 வருஷத்துல 58. இத எப்படி படிக்கணும்னா, 25 வருஷம் ஆனதும் எல்லார் மூட்டும் கழண்டுடும்னு இல்ல, பாதிக்கு மேல திரும்ப தொறக்காமலே ஓடிட்டு இருக்கு. அதுவும் அந்த 25 வருஷ கணக்குல வர்றவங்கல்லாம் 90கள்லயோ அதுக்கு முன்னாடியோ பண்ணிக்கிட்டவங்க, பழைய பிளாஸ்டிக்.

90கள் கடைசில பிளாஸ்டிக்கயே மாத்திட்டாங்க. கதிர்வீச்சு குடுத்து அதுக்குள்ள இருக்கற நூல்கள ஒன்னோட ஒன்னு பின்ன வச்சிடறாங்க, கிராஸ் லிங்க்டு பாலின்னு சொல்லுவாங்க. இதோட தேய்மானம் ரொம்ப கம்மி, தூளால எலும்பு கரையறதும் நல்லா கொறஞ்சிருச்சு. அப்ப இது எத்தனை வருஷம் ஓடும்? 20 வருஷம் வரைக்கும் வந்த கணக்கு நல்லா இருக்கு, அதுக்கு மேல யாருக்கும் உறுதியா தெரியாது, ஏன்னா காலம் இன்னும் அவ்வளவு ஓடல. அதனாலதான் 30 வருஷம் கேரண்டின்னு சொன்னவங்க மேல எனக்கு கோபம் வருது. மிக்ஸிக்கு கேரண்டி கார்டு குடுக்கலாம், மனுஷன் உடம்புக்கு குடுக்க முடியாது, எழுத்துல குடுங்கன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு மாறிடும்.

வயசு விஷயத்துல மாமனார் பாதி சரி. 2017ல வந்த இன்னொரு இங்கிலாந்து ஆய்வுல, 70 வயசுக்கு மேல மூட்டு மாத்தினவங்கள்ல வாழ்நாள் முழுக்க திரும்ப ஆபரேஷன் தேவைப்படறவங்க 100க்கு 5 பேர்தான், ஆனா 50களோட ஆரம்பத்துல மாத்திக்கிட்ட ஆம்பளைங்கள்ல அது 35 வரைக்கும் போகுது, இடுப்பு முழங்கால் ரெண்டுக்கும் பாத்த கணக்கு இது. 41 வயசுன்னா அதுக்கும் மேலதான் இருக்கும்னு வச்சுக்கங்க. அதனால நான் இந்த வயசுக்காரங்ககிட்ட மழுப்பாம சொல்லிடறது, வாழ்நாள்ல இன்னொரு தடவ ஆபரேஷன் டேபிள்ல படுக்க வேண்டி வரலாம், மனச தயார் பண்ணிக்கங்க, வரலைன்னா லாபம். ரெண்டாவது ஆபரேஷன் முதல் மாதிரி சுலபம் கிடையாது, எலும்பு கம்மியா இருக்கும், ரத்தம் ஜாஸ்தி போகும், செலவு கூட, அதோட ஆயுளும் கொஞ்சம் கம்மி. ஆனா சில சமயம் தொடை எலும்புக்குள்ள இறக்கின கம்பி நல்லா பிடிச்சிருந்தா தேஞ்ச பிளாஸ்டிக்கையும் பந்தையும் மட்டும் மாத்தி விட்டுடுவாங்க, டயர் மாத்தற மாதிரி, அது அவ்வளவு பெருசு இல்ல.

மாமனார் கணக்குல விட்டுப்போனது தள்ளிப் போடறதோட செலவு. 50 வரைக்கும் காத்திருக்கற அந்த 9 வருஷம் சும்மா போகாது. வலிக்கு பயந்து கால ஊனாம நடந்து நடந்து புட்டத்து தசை சூம்பிடும், தொடை முன்பக்கமா மடங்கின நிலையிலயே இறுகிடும், கால் குட்டையாகும், அத ஈடு கட்ட முதுகு வளையும், நல்லா இருக்கற பக்கமோ முழங்காலோ சுமைய தாங்கித் தாங்கி கெடும். வலி மாத்திரைய தினம் முழுங்கினா கிட்னி வேற. இப்படி பல வருஷம் தாங்கிக்கிட்டு வந்த ஒரு லாரி டிரைவர் எனக்கு பேஷண்ட், கடைசில ஆபரேஷன் பண்ணாங்க, டாக்டர் வேலை சுத்தமா பண்ணிருந்தார், வலி முழுசா போச்சு, ஆனா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கற நடைய ஒன்றரை வருஷம் போராடியும் என்னால முழுசா எடுக்க முடியல, தசைல எதுவும் மிச்சம் இல்ல. அவர் குடும்பம் நடத்த வேண்டிய வயசு பூரா நொண்டிக்கிட்டே போயிடுச்சு. உங்க வீட்டுக்காரருக்கு 41ல இருந்து 50, பட்டறைய வளக்கற வயசு, பிள்ளைங்க படிக்கற வயசு. அந்த வருஷங்களுக்கும் ஒரு விலை போட்டுதான் இந்த கணக்க பாக்கணும்.

அதுக்காக நாளைக்கே ஓடுங்கன்னும் சொல்லல. இது அவசர ஆபரேஷன் கிடையாது. தூக்கம் கெடல, ஒரு கிலோமீட்டர் நடக்க முடியுது, வேலை ஓடுதுன்னா ஆறு மாசம் ஒரு வருஷம் பாத்துக்கிட்டு பண்றதுல தப்பில்ல, எக்ஸ்ரே எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி. ராத்திரி தூக்கம் போச்சு, சாக்ஸ் போட முடியல, வேலைய விட்டாச்சுன்னா வயசு என்னவா இருந்தாலும் நேரம் வந்தாச்சுன்னு நான் நெனைப்பேன். நீங்க எழுதினதுல ராத்திரி தலையணைய கால் நடுவுல வச்சு உக்காந்துட்டே தூங்கறார்னு ஒரு வரி இருந்துச்சு. எனக்கு அந்த ஒரு வரியே போதும்.

வாட்ஸ்அப்ல வந்த உலோக விஷ செய்தி பொய் இல்ல, ஆனா அது வேற மூட்டு. உலோக பந்து, உலோக கிண்ணம், நடுவுல பிளாஸ்டிக் இல்லாம ரெண்டும் நேரா உரசற மாதிரி ஒரு வகை 2000கள்ல பரவலா வந்துச்சு, இளவயசுக்காரங்களுக்கு நல்லதுன்னு சொல்லியே வித்தாங்க. அதுல ஜான்சன் அண்ட் ஜான்சனோட டிபியூ கம்பெனி பண்ண ஏஎஸ்ஆர்ங்கற மூட்டு பெரிய பிரச்சினை ஆச்சு, கோபால்ட் குரோமியம் தூள் ரத்தத்துல கலந்துச்சு, மூட்ட சுத்தி சதை அழுகிச்சு, அஞ்சு வருஷத்துக்குள்ள 100ல 12, 13 பேருக்கு திரும்ப ஆபரேஷன். 2010 ஆகஸ்ட்ல உலகம் பூரா திரும்ப வாங்கிக்கிட்டாங்க, மொத்தம் 93,000 மூட்டு, இந்தியால மட்டும் 4,700 பேருக்கு கிட்ட போட்டிருந்தாங்க. நம்ம அரசாங்கம் கமிட்டி போட்டு நஷ்ட ஈடு 30 லட்சத்துல இருந்து 1.23 கோடி வரைக்கும்னு கணக்கு சொன்னதே 2018லதான், அதுக்குள்ள பாதிக்கு மேல பேர் எங்க இருக்காங்கன்னே கண்டுபிடிக்க முடியல. பெரிய பந்த வச்ச உலோகம் மேல உலோகம் வகைய இப்ப கிட்டத்தட்ட யாரும் போடறதில்ல. உலோக பந்து பிளாஸ்டிக் கிண்ணத்துல உருள்றது இதுல சேராது, குழப்பிக்க வேண்டாம்.

அந்த கதைல நான் எடுத்துக்கிட்டது ஒன்னு, ஸ்டிக்கர். ஒவ்வொரு மூட்டு டப்பாவுலயும் கம்பெனி பேரு, சைஸ், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வரும், ஆபரேஷன் தியேட்டர்ல அத கிழிச்சு கேஸ் ஷீட்டுல ஒட்டுவாங்க. டிஸ்சார்ஜ் ஆகறப்ப அதோட இன்னொரு செட்ட கேட்டு வாங்கி லேமினேட் பண்ணி ரேஷன் கார்டோட வச்சிடுங்க. சுவீடன்ல 1979ல இருந்து ஒவ்வொரு மூட்டையும் பதிவு பண்ணி எது சீக்கிரம் கெடுதுன்னு கண்டுபிடிக்கறாங்க, நம்ம ஊர்ல சர்ஜன்கள் சங்கத்தோட பதிவேடு ஒன்னு இருக்கு, ஆனா விருப்பப்பட்டவங்க குடுக்கறதுதான். அதனால உங்க பதிவேடு உங்க பீரோவுலதான் இருக்கணும். நாளைக்கு ரெண்டாவது ஆபரேஷன் வந்தா எந்த கம்பெனி சாமான்னு தெரியாம டாக்டர் முழிக்கறத நேர்லயே பாத்திருக்கேன்.

செராமிக்கா மெட்டலாங்கறதுல எனக்கு தெரிஞ்சது, 41 வயசுக்கு செராமிக் பந்து, கிராஸ் லிங்க்டு பிளாஸ்டிக் கிண்ணம், இந்த ஜோடிய நெறைய சர்ஜன்கள் விரும்பறாங்க. பிங்க் கலர்ல அழகா இருக்கும் அந்த பந்து. பந்தும் கிண்ணமும் ரெண்டுமே செராமிக்கா போடறதும் உண்டு, தேய்மானம் ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா சிலருக்கு நடந்தா கீச்னு கதவு கீல் மாதிரி சத்தம் வரும், ரொம்ப அபூர்வமா உடையவும் உடையும். உலோக பந்தோட ஒப்பிட்டா செராமிக் பந்து எவ்வளவு கூடுதல் வருஷம் குடுக்குதுங்கறதுல இன்னும் ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க, வித்தியாசம் இருந்தாலும் சின்னதுதான், வீட்ட அடமானம் வச்சு வாங்கற அளவுக்கு இல்ல. ரோபோ ஆபரேஷன்னு விளம்பரம் வருதே, கிண்ணத்த சரியான கோணத்துல வைக்க அது உதவுதுங்கறது உண்மை, ஆனா அதனால மூட்டு கூடுதல் வருஷம் வரும்ங்கறதுக்கு இதுவரைக்கும் சான்று இல்ல. விலை விஷயத்துல ஒன்னு, 2017 ஆகஸ்ட்ல வந்த அரசாங்க விலை உச்சவரம்பு முழங்கால் மூட்டுக்கு போட்டது, அத வச்சு இடுப்புக்கும் அதே விலைன்னு நெனச்சுடாதீங்க, எழுதி வாங்குங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தா அதுல இடுப்பு மாத்தறதுக்கு இடம் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயும் நல்லாவே பண்றாங்க, அத கேவலமா நெனைக்க வேண்டாம்.

சாமான விட ஆள் முக்கியம்ங்கறது என்னோட அனுபவம், இதுக்கு கணக்கும் இருக்கு. கனடால ஒன்டாரியோ மாகாணத்துல பாத்தப்ப வருஷத்துக்கு 35க்கு கம்மியா இடுப்பு மாத்தற சர்ஜன்கள்கிட்ட மூட்டு நழுவறதும் சீக்கிரம் திரும்ப ஆபரேஷன் ஆகறதும் கூடுதலா இருந்துச்சு. அதனால டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, சார் நீங்க வருஷத்துக்கு எத்தனை இடுப்பு பண்றீங்க, முழங்கால் இல்ல இடுப்பு, அதுலயும் ஏவிஎன் எத்தனைன்னு. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

கெடுதல்னா என்னென்ன வரும்னு மறைக்காம சொல்லணும்ல. மூட்டு நழுவறது 100ல ஒன்னுல இருந்து மூணு பேருக்கு, பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல. சீழ் பிடிக்கறது 100ல ஒருத்தருக்கு கிட்ட, ஆனா வந்துட்டா இதுதான் எல்லாத்துலயும் மோசம், மூட்ட கழட்டி மாசக்கணக்குல மருந்து குடுத்து மறுபடி போடற நிலைமை கூட வரும். இதுல நம்ம கைல இருக்கறது நெறைய, சுகர கட்டுப்பாட்டுல கொண்டு வர்றது, சொத்தைப் பல்ல முன்னாடியே பாத்துக்கறது, பட்டறைல தீப்பொறி பட்ட புண்ணு காலுல இருந்தா ஆறின பிறகு தேதி வாங்கறது, பீடி சிகரெட்ட நிறுத்தறது. கால்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுப்பாங்க, தவறாம போடணும். கால் நீளம் அரை சென்டிமீட்டர் கூடக் குறைய தெரியறது சகஜம், பாதி பேருக்கு அது தசை இறுக்கத்தால வர்ற தோணல், மூணு மாசத்துல போயிடும், அதுக்குள்ள செருப்புல அட்டை வச்சு கெடுத்துக்காதீங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு கேள்வி இருக்கு, வெளிநாட்டு ஆய்வுல அத பெருசா கேக்கறதே இல்ல. தரையில உக்காரலாமா? இந்த மூட்டு நாற்காலி மேல வாழற ஊர்ல உருவானது. குத்த வச்சு உக்காரணும்னா தொடை 120 டிகிரிக்கு மேல வயித்த நோக்கி மடங்கணும், அந்த நிலைல பந்து பின்பக்கமா எகிறி நழுவ வழி இருக்கு. முதல் மூணு மாசம் 90 டிகிரிக்கு மேல மடக்காதீங்க, காலு மேல கால் போடாதீங்கன்னு பின்பக்கமா தொறந்து பண்ற டாக்டர்கள் கண்டிப்பா சொல்லுவாங்க, முன்பக்கமா பண்றவங்க கொஞ்சம் தளர்த்துவாங்க. அதுக்கு அப்புறம்? இங்கதான் டாக்டருக்கு டாக்டர் மாறுது. பெரிய சைஸ் பந்து போட்டா, தசை நல்லா தேறினா, சம்மணம் போடலாம்னு சிலர் விடறாங்க, என்னோட பேஷண்ட்ஸ் நெறைய பேர் கல்யாண பந்தில தரையில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்து என்கிட்ட மறைச்சிருக்காங்க, ஒன்னும் ஆகல. சம்மணம் வேற, குத்த வைக்கறது வேற. சம்மணத்துல தொடை வெளிப்பக்கமா விரியுது, ஓரளவு பாதுகாப்பு. ஆழமா குந்தி உக்காந்துக்கிட்டே முன்னால குனியறதுதான் ஆபத்து, வெல்டிங்கும் கிரைண்டிங்கும் தரையில பண்றப்ப அவர் நாள் பூரா உக்காந்திருக்கறது அதே போஸ்லதான். அதனால ஆபரேஷன் தேதிக்கு முன்னாடியே பட்டறைல இடுப்பு உயரத்துக்கு ஒரு டேபிள் அடிச்சிடச் சொல்லுங்க, வெல்டருக்கு டேபிள் அடிக்க சொல்லிக் குடுக்கவா வேணும். வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இல்லைன்னா அதுவும் முன்னாடியே. எல்லாத்துக்கும் மேல, போடற டாக்டர்கிட்டயே எனக்கு குந்தி உக்காந்து வேலைன்னு முதல்லயே சொல்லிடணும், சில பேர் அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு இடத்துல உருள்ற டூயல் மொபிலிட்டி கிண்ணம் போடறாங்க, பிரான்ஸ்ல 70கள்ல வந்த யோசனை, நழுவறது அதுல கம்மி. 41 வயசுல அது நீண்ட காலத்துக்கு எப்படிங்கறதுல டாக்டர்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு உண்டு.

தாம்பத்தியம் பத்தி நீங்க கேக்கல, கேக்க மாட்டாங்க யாரும், அதனால நானே சொல்லிடறேன், ஆறு வாரம் பொறுத்தா போதும், எந்த நிலை பாதுகாப்புன்னு பிசியோகிட்ட கேட்டா படம் போட்ட காகிதம் குடுப்பாங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் என் வேலை. அன்னிக்கே இல்ல மறுநாள் நிக்க வைப்பாங்க, வாக்கர்ல நடை, மூணு நாலு நாள்ல வீடு. அவர் வயசுக்கு பெரும்பாலும் சிமெண்ட் இல்லாம சொரசொரப்பான மூட்டா போடுவாங்க, எலும்பு அதுக்குள்ள வளந்து பிடிக்க ரெண்டு மூணு மாசம் ஆகும், அதனால எவ்வளவு பாரம் ஊனலாம்னு டாக்டர் சொன்னத மீற வேண்டாம். கைத்தடி ஆபரேஷன் பண்ண காலுக்கு எதிர்ப்பக்க கைல, நூத்துக்கு தொண்ணூறு பேர் இத தப்பா பிடிப்பாங்க. படி ஏறறப்ப நல்ல கால் முதல்ல, இறங்கறப்ப ஆபரேஷன் கால் முதல்ல. ஆறு வாரத்துல வலி இல்லைன்னதும் எல்லாரும் எக்சர்சைஸ விட்டுடறாங்க, அதுதான் எனக்கு பெரிய தலைவலி. மூட்ட டாக்டர் குடுத்துட்டார், ஆனா அத தாங்கற புட்டத்து தசைய நாமதான் வளக்கணும், பக்கவாட்டுல படுத்து கால தூக்கற அந்த சின்ன பயிற்சி ஆறு மாசம் விடாம பண்ணவங்க நடைய பாத்தா எந்த காலு ஆபரேஷன்னு கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் தேச்சு உருவி விடறதெல்லாம் வேண்டாம், யார் சொன்னாலும். நடை, சைக்கிள், நீச்சல் தாராளமா செய்யலாம். ஓடறது, குதிக்கறது பத்தி உறுதியான பதில் இல்ல, தவிர்க்கறது நல்லதுன்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க.

கடைசியா, எல்லாரும் இடது பக்கத்தயே பேசறீங்க, எனக்கு கவலை வலது பக்கம். ரெண்டாவது ஸ்டேஜ்னா பந்து இன்னும் உருண்டையாத்தான் இருக்கு, அமுங்கல. இந்த நேரத்துல எலும்புல துளை போட்டு அழுத்தத்த குறைக்கற கோர் டிகம்ப்ரஷன்னு ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கு, அமுங்கறதுக்கு முன்னாடி பண்ணா சிலருக்கு சொந்த மூட்டு பல வருஷம் காப்பாத்தப்படுது, சிலருக்கு பண்ணியும் அமுங்கிடுது. எலும்பு மாத்திரைகள் சில ஆய்வுல உதவிச்சு, சிலதுல உதவல. செத்துப்போன பகுதி எவ்வளவு பெருசு, பாரம் விழற இடத்துல இருக்கா இல்லையாங்கறத வச்சுதான் முடிவு, அது எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுல இருக்கும். அமுங்கிட்டா இந்த வாய்ப்பு போயிடும், அதனால இடது பக்கத்துக்கு யோசிக்க டைம் இருக்கு, வலது பக்கத்துக்கு அவ்வளவு இல்ல. குடிப்பழக்கம் இருந்தா இந்த நிமிஷமே நிறுத்தணும், ஏவிஎன்ன வேகப்படுத்தறதுல ஸ்டீராய்டுக்கு அடுத்து அதுதான். அடுத்த தடவ போறப்ப டாக்டர்கிட்ட முதல் கேள்வியா வலது பக்கத்துக்கு என்ன பண்ணப் போறோம்னு கேளுங்க. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுல வலது பக்கத்த பத்தி எழுதின ரெண்டு மூணு வரிய, பேரு ஊரெல்லாம் எடுத்துட்டு, இங்க டைப் பண்ணி போட்டீங்கன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.